மண்டபத்தில் விரதம் இருந்தவர் ஒருவர்தான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கைத்தொலைபேசி என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

உண்மையாகத்தான். வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால், விரதத்துக்கென்றே ஓர் ஆப் இறக்கி வைத்திருக்கிறேன். இத்தனை மணிநேரம் பட்டினி, இத்தனை மணிநேரம் சாப்பாடு என்று அது கணக்குப் பார்க்கும். இடையில் வாய் வைத்தால் நாமாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டேன். உடனே ஒரு சோகமான முகப்படம் வந்தது.

அப்போது என் கையில் சுடச்சுடப் பொரித்த ஒரு மரக்கறி ரோல்ஸ். இடம் — கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபம். நம்மவர் கலியாணத்துக்குக் காலையிலேயே போய், ரோல்ஸ், பற்றீஸ் என்று அடுக்கிவைத்த பலகாரங்களைத் தொடாமல் திரும்பிய ஒருவரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை... அன்றுவரை.

மணப்பெண் அபி, என் நண்பர் நேசனின் மருமகள். நேசனின் தங்கை கலாவின் ஒரே மகள். அபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே கலாவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மல்வேர்னில் ஒரு சின்ன டவுன்ஹவுஸ், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை, இரண்டு பஸ் மாறிப் பயணம் — இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் கலா மகளைப் படிப்பித்து ஆளாக்கினார்.

கலியாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மாப்பிள்ளை வீட்டார் கலாவின் வீட்டுக்குப் பேச வந்தார்கள். நேசன் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தாரை வார்க்கிற பேச்சு வரும்வரை.

தாரை வார்ப்பது தெரியும்தானே? பெண்ணைப் பெற்றவர்கள் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, செம்பு நீரை வார்த்து ஒப்படைப்பது. தாலி கட்டுவதற்கு முன்பு நடக்கும் பெரிய சடங்கு அதுதான்.

மாப்பிள்ளையின் பெரியம்மா தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"தாரையைத் தாய்மாமனும் மாமியும் வாக்கட்டும். கலா ரெண்டாவது வரிசையில இருக்கட்டும். குறையா நினைக்காதேங்கோ... எங்கட வழக்கம் அப்பிடி."

புரிந்தது. புருஷன் இல்லாதவர் மேடையில் ஏறக்கூடாது. ரொறன்ரோவில் மின்சாரத்தில் ஓடும் காரில் வந்து இறங்கிய குடும்பம்தான் இதைச் சொன்னது என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அபி துள்ளி எழும்பினாள். "இது நொட் ஃபெயர்! அம்மா இல்லாட்டி எனக்கு மண்டபமே வேண்டாம். சிற்றி ஹோலில சைன் பண்ணிப்போட்டு வாறம்."

கலா மகளின் கையைப் பிடித்து இருத்தினார். "உன்ர கலியாணம் சண்டையில தொடங்கக்கூடாது, இரு." பிறகு தமையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தாரை வாக்கிற ஆக்கள் சாப்பிடாமல் விரதம் இருக்கவேணும். அண்ணை, இருப்பியளே?"

"என்ன கேள்வி இது! இருப்பன்தானே," என்றார் நேசன்.

"அப்ப நானும் இருக்கிறன்."

"நீ ஏன்? நீ வாக்கப்போறேல்லையே."

"ஆர் குடுத்தாலும் குடுக்கிறது என்ர பிள்ளையைத்தானே," என்று சொல்லிவிட்டுக் கலா தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

இனி மண்டபத்துக்கு வருவோம்.

நேசன் நகரத்துக்கு வெளியே இருக்கும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து விடியற்காலையே வந்து நிற்கிறார். மணவறை அலங்கரிக்கிறவர் பிந்திவிட்டார், மைக் கீச்சிடுகிறது, வாழைமரம் வாசலில் சாய்கிறது. மனிதர் நாலு பக்கமும் ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவருடைய கையில் ஒரு தட்டை வைத்தார். சவுண்ட்காரரைத் திட்டிக்கொண்டே நேசன் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பிறகு இன்னொன்று.

நான் பார்த்தேன். 'ஐயோ நேசன், விரதம்!' என்று கத்த வாயைத் திறந்தேன். எப்படிக் கத்துவது? என் வாயிலும் ரோல்ஸ். நான் விழுங்கி முடிப்பதற்குள் அவரும் விழுங்கி முடித்துவிட்டார்.

உலகத்தில் வேறு எந்தச் சனத்துக்கும் இப்படி ஒரு பிழை வராது. விரதம் இருக்கவேண்டிய கலியாணத்தில் வாசலிலேயே சாப்பாட்டு மேசை போடுகிற ஆட்கள் நாங்கள்தான்.

முகூர்த்தம் நெருங்கியது. குருக்கள் இளவயதுக்காரர். சட்டென்று காரியம் பார்க்கிறவர். மார்பில் குத்திய சின்ன மைக்கில் அவர் பேசுவது மண்டபம் முழுவதும் கேட்கிறது. நேசனும் மனைவி ராணியும் மணவறையில் வந்து இருந்தார்கள். குருக்கள் செம்பை நகர்த்திக்கொண்டே, பழக்கதோசத்தில் கேட்பதுபோலக் கேட்டார்.

"தாரை வாக்கிற நீங்கள் விரதம்தானே?"

நேசனின் முகம் வெளிறியது. அப்போதுதான் அவருக்கு நினைவே வருகிறது!

'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. நேசன் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அங்கே கலா, வெளிர்நிறச் சேலையில், மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தார்.

"இல்லை ஐயா," என்றார் நேசன். மைக் அதையும் வாங்கி மண்டபத்துக்குக் கொடுத்தது. "மறந்துபோய் ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டிட்டன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ராணி தலையைக் குனிந்துகொண்டு, "நானும் பற்றீஸ்..." என்று இழுத்தார். சிரிப்பு இன்னும் கூடியது.

குருக்கள் சிரிக்கவில்லை. "பெண் வீட்டுப் பக்கத்தில விரதம் இருக்கிற ஆள் வேற ஆரும் இருக்கிறியளோ?"

சித்தப்பாமார், மாமாமார், ஒன்றுவிட்ட அண்ணன்மார்... எத்தனை பெரிய மனிதர்கள்! எல்லோருடைய மடியிலும் காகிதத் தட்டு. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"என்ர தங்கச்சி இருக்கிறா, ஐயா," என்றார் நேசன். குரல் உடைந்திருந்தது. "பிள்ளையைப் பெத்தவ. நேற்று மத்தியானம் துவக்கம் வெறும் தண்ணியோட இருக்கிறா."

முன்வரிசையில் பெரியம்மா எழுந்தார். "ஐயா, அவ வந்து..." அந்தச் சொல்லை மைக்குக்கு முன்னால் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

குருக்கள் திரும்பினார். "முகூர்த்தம் போகுதம்மா. நீங்கள் விரதமோ?"

பெரியம்மாவின் கையிலும் தட்டு இருந்தது. அவர் மெல்ல இருந்துவிட்டார்.

"அப்ப பெத்தவ வரட்டும்," என்றார் குருக்கள்.

கலா உடனே எழும்பவில்லை. அபி மணவறையிலிருந்து கையை நீட்டி, "அம்மா, வாங்கோ," என்றாள். கண்மை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதன்பிறகுதான் கலா எழுந்து நடந்தார். அவசரப்படவில்லை. யாரையும் வெற்றிப் பார்வை பார்க்கவில்லை. தன் வீட்டுச் சமையலறைக்குப் போகிறவர் மாதிரி மேடை ஏறினார்.

ஒரு நாள் சாப்பிடாத கை நடுங்கும் என்று நினைத்தேன். நான் காலைச் சாப்பாடு தவறினாலே கார்ச்சாவி கையில் ஆடும்! கலா செம்பைத் தூக்கினார். நீர் நூல்மாதிரி நேராக விழுந்தது, மகளின் கைமேல். மேளம் முழங்கியது. பக்கத்தில் நின்ற நேசன் சின்னப்பிள்ளைமாதிரி அழுதார். நான் மட்டும் என்ன? மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ கலியாணம் பார்த்துவிட்டேன். மெய்சிலிர்த்து நின்றது இந்த ஒன்றில்தான்.

பட்டினி நமக்குப் புதிதா? வீட்டில் கோபம் வந்தால் முதலில் தள்ளி வைப்பது சாப்பாட்டுத் தட்டைத்தான். 'எனக்கு வேண்டாம்' என்று போர்த்திக்கொண்டு படுத்தால் வீடே காலில் விழும். அது அடுத்தவரை வருத்துகிற பட்டினி. என்னுடைய ஆப் பட்டினியோ என் இடுப்புப் பட்டியோடு முடிகிற விஷயம். கலாவினுடையது இரண்டும் இல்லை. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததனாலேயே யாராலும் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

மத்தியானப் பந்தியில் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். அபி ஊட்டிவிட்ட முதல் வாய்ச் சோற்றை அப்போதுதான் விழுங்கியிருந்தார்.

"கலா, மனசுக்குள்ள ஏதாவது நேர்த்தி வைச்சனீங்களோ?"

"இல்லையண்ணை. மேடையில ஏறுவன் எண்டு கனவிலயும் நினைக்கேல்லை." தண்ணீர் ஒரு வாய் குடித்தார். "நான் முந்தி ஆக்களுக்குச் சரியான பயம். அவர் போனாப்பிறகு, வெள்ளிக்கிழமையில விரதம் இரு எண்டு ஆரோ சொல்லிச்சினம். இருந்தன். வேலையில நாள் முழுக்க மற்றவைக்குச் சாப்பாடு போடுவன், பசிக்கும். பிறகு பாத்தால்... பசி வரும், கொஞ்சம் நிண்டு பாக்கும், போயிடும். சனத்தின்ர கதையும் அப்பிடித்தான் எண்டு மெல்ல விளங்கிச்சுது. வரும், நிண்டு பாக்கும், போயிடும். அதுக்குப் பிறகு பயம் இல்லை."

ஒரு மனுசி யாருக்கும் தெரியாமல், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தன்னை இப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அவரை 'பாவம் கலா' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதோ, சண்டை வருகிறது!

வரவில்லை. கலாவுக்கு எதிரில் இருந்த கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். வாழையிலையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்கும் புருசன் இல்லைத்தானே. மூத்தவளின்ர கலியாணத்தில நான் மண்டபத்துக் குசினிக்குள்ள சமையல்காரரோட நிண்டு மேளச்சத்தத்தை மட்டும் கேட்டனான். ஆரும் என்னைப் போகச் சொல்லேல்லை. நானாத்தான் போய் நிண்டனான்."

கலா அவருடைய கைமேல் கையை வைத்தார்.

"சின்னவளுக்கு வாற தையில கலியாணம்," என்றார் பெரியம்மா. சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டும் காணாதமாதிரி, குரலை நன்றாகத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை... இந்த விரதத்தில தேத்தண்ணி குடிக்கலாமோ?"

"குடியுங்கோ அக்கா," என்றார் கலா. "மேடை ஏறத் தெம்பு வேணுமெல்லே."

என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. 'உங்கள் விரதம் இப்போது ஆரம்பமாகிறது' என்றது ஆப்.

விரதமா? நானா? பேசாமல் அந்த ஆப்பையே அழித்துவிட்டேன்.