கட்டக் கூடாத கயிறு

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரைத் தாண்டிய பிறகு கால்வாய் ஓரிடத்தில் படியிறங்குகிறது. படகுகளுக்கான படி அது: இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு கான்கிரீட் தொட்டி. அதன் தண்ணீரை வடித்துப் படகைக் கீழே இறக்குவார்கள். ஈழத்துக்காரரான சுகந்தியின் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடுகிறது. படகுதான் அவர் வீடு. சன்னலில் கறிவேப்பிலைச் செடி, உள்ளே அடுப்பில் பருப்பு.

முன் கயிறு அவர் கையில். விருந்தாளியான என்னிடம் பின் கயிற்றைக் கரைத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கச் சொல்கிறார். கை தவறிவிடுமோ என்ற பயத்தில் நான் இரண்டு முடிச்சுப் போட்டுவிடுகிறேன்.

தண்ணீர் ஓசையில்லாமல் இறங்குகிறது. பாசி சொட்டும் சுவர்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. வானம் ஒரு துண்டுத் துணியாகச் சிறுக்கிறது. வாய்பிளந்து நிற்கிறேன். காலடியில் தளம் சரிகிறது. படகின் பின்பக்கம் என் கயிற்றில் தொங்குகிறது. உள்ளே தட்டுகள் விழுந்து உடைகின்றன.

சுகந்தி கத்தியோடு ஓடி வருகிறார். ஒரே வெட்டு. வீடு தொப்பென்று தண்ணீரில் விழுந்து, ஆடி, நிமிர்கிறது.

"கட்டினனீங்களோ அண்ணை?"

"படகு ஓடிடுமோன்னு பயந்துட்டேன்."

"பூட்டின தொட்டிக்குள்ள எங்க ஓடுறது? தண்ணி இறங்கேக்க கயிற்றையும் விட்டுக் குடுக்கவேணும். இல்லாட்டி வீடு கவிண்டு போம்." மூச்சு வாங்க உள்ளே எட்டிப் பார்க்கிறார். "பருப்பு தப்பிட்டுது. தட்டுத்தான் இல்லை, சட்டியோட சாப்பிடுவம்."

முன்கதவு மெல்ல உயர்கிறது. அதன் அடியில் முதலில் வெளிச்சமும் பிறகு முழுக் கால்வாயும் விரிகின்றன. வெளியேறும்போது அண்ணாந்து பார்க்கிறேன். அந்த உயரத்தில், வானத்தின் விளிம்பில், என் முடிச்சு இன்னும் தூணை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.