ஆறரை மணி வெயில்

டார்னெய்ட் புறநகரில் தமிழர்களுக்குக் குறைவில்லை. ஆனால் என்னோடு நின்று பேசியவர், ஏரியைச் சுற்றி நடக்க வரும் ஓர் இலங்கை அன்ரி மட்டும்தான். வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி ஆறரைக்கு அங்கே போவேன். கோடையில் அப்போதும் வெயில் இருக்கும். சேர்ந்து இரண்டு சுற்று நடப்போம். "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் பெயரும் கேட்டதில்லை, போன் நம்பரும் வாங்கியதில்லை.

இங்கே ஏப்ரலில் குளிர்காலம் நெருங்கும்; வருடாவருடம் போல அரசாங்கத்தில் எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். மறுநாள் ஆறரைக்கு இருட்டிவிட்டது. வயதானவர் இருட்டில் எங்கே வரப்போகிறார் என்று நானே முடிவுசெய்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஆறு மாதமும் அப்படித்தான். டிவியை ஓடவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன்.

கோடை நேரத்தையே வருடம் முழுக்க வைக்கலாமா என்று ஆபீஸில் விவாதம் வந்தது. மாட்டில் பால் கறக்கும் நேரம், இருட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைத்துத் தொலையுங்கள் என்றேன். என் காரணத்தைச் சொல்லவில்லை.

அக்டோபரில் கடிகாரத்தைத் திரும்ப முன்னால் தள்ளிய மறுநாளே ஏரிக்குப் போனேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இருட்டுல வரமாட்டீங்கன்னு நினைச்சேன் அன்ரி."

"நான் மணி பார்க்கிறேல்லை, தம்பி. பொழுது சாயேக்க வாறனான். ஒவ்வொரு நாளும் வந்தனான். உங்களைத்தான் காணேல்லை."

குளிர்காலத்தில் பொழுது சாய்வது ஐந்து மணிக்கு. "அந்நேரம் நான் வேலையில இருப்பேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

சனி, ஞாயிறு எனக்கு வேலை இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.