மாமாவின் பெட்டியும் மாஸ்டரின் பெட்டியும்

மாமாவின் கம்பியூட்டரைக் கற்பிட்டிக்குப் பக்கத்துக் கண்டக்குழியில் சாம்பல் தட்டாகப் பார்த்தேன். அவருடைய மகன் நடத்தும் விடுதியில், வரவேற்பு மேசையில் கிடந்தது. எழுத்துக் கட்டைகளைப் பிடுங்கி அறைச் சாவிகளில் கோத்திருக்கிறான். பிடுங்கிய பள்ளங்களில் சிகரெட் துண்டுகள், ஈரச் சாம்பல், செத்த கரப்பான் ஒன்று. என்னோடு கணக்கு மாஸ்டரும் வந்திருந்தார். மௌத்தாகி அடக்கப்பட்ட தன் கூட்டாளி, என் மாமாவின் பெட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று புத்தளத்திலிருந்து கேட்டு வந்தவர் அவர். மாமாவின் மகனோ கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவரிடம், "எங்கட வாப்பாட. அந்தக் காலத்தில கற்பிட்டிக்கே இது ஒண்டுதான்" என்று அளந்துகொண்டிருந்தான்.

பச்சைப் பொய். இரண்டு இருந்தன. ஒன்று மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. மற்றது, மன்னாரிலிருந்து எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த மாஸ்டருக்கு அவருடைய கூடப் பிறந்த காக்கா குவைத்திலிருந்து அனுப்பியது. இரண்டும் எழுத்துக் கட்டை மட்டுமே உள்ள, டெலிவிஷனில் மாட்டிப் பார்க்கும் பெட்டிகள்; டெலிவிஷன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். புரோகிராம் ஏற்றக் கெசட்டைப் போட்டால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், உம்மா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். ஒன்று மாற்றி ஒன்றை மாட்டி, இரண்டு பெட்டிக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து நேரம் பார்ப்பார்கள். எவருடைய பெட்டி பிந்துகிறதோ அவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். "ஒங்கட பெட்டிக்கு நிறம் இரிக்கி மாஸ்டர், மூளை எங்க?" என்பார் மாமா. "உன்ட பெட்டி மையத்து கிடக்கிற வீடு மாதிரி இருக்கு மச்சான், வெள்ளையும் கறுப்பும்தான்" என்பார் மாஸ்டர். அப்படிச் சிரித்துச் சண்டை பிடித்த இரண்டு ஆண்களை நான் பிறகு கண்டதில்லை.

மாஸ்டர் தன் ஊருக்கே மாற்றலாகிப் போய்ச் சில காலத்தில், தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார். மனைவி, பிள்ளைகள், உடுத்திருந்த உடுப்பு, அவ்வளவுதான். பெட்டி அங்கேயே பறிபோயிற்று. யாரோ அதைப் பற்றி அவரிடம் விசாரித்தபோது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், "அகதிக்குக் கம்பியூட்டர் ஒரு கேடா?" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. மாமா அன்றே தன் பெட்டியை உடுக்கும் சாரமொன்றில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். கேட்டவர்களிடம், "பழுதாப் போச்சி" என்றார். அது பழுதாகவில்லை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அதை அவர் தொடவே இல்லை.

இதெல்லாம் பெற்ற மகனுக்குத் தெரியாதா? தெரியும். மாஸ்டரையும் தெரியும். தெரிந்துகொண்டே அவருக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னானே, அதுதான் எனக்கு அருவருப்பு.

"இத மாஸ்டர் கொண்டு போகட்டும்" என்றேன். அவன் பல்லைக் காட்டினான். "தாராளமா. நமக்கு வேற சாம்பல் தட்டு இரிக்கி."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, பள்ளம் பள்ளமாகத் துடைத்தார். கரப்பானையும் அவரே எடுத்துப் போட்டார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வேணாம் மகள். இது என்ட வீட்டுக்கு வந்தா எங்கட போட்டியில நான் வெண்டதா ஆயிரும். என்ட கூட்டாளி இல்லாத நேரத்தில எனக்கு அது வேணாம்."

நாங்கள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கொழும்புக்காரர் கதைத்தபடியே அதில் சாம்பலைத் தட்டினார்.