கயிறு கட்ட இடமில்லாத போன்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் கடை மேசையில் வாரண்டி அட்டை ஒன்றை வைத்தார். அதில் இருந்தது என் கையெழுத்து.

"தங்கச்சி, இவர் கடல் தொழிலுக்குப் போனா காலமை பத்துக்கு கரைக்கு வந்திடுவார். இன்னும் காணேல்ல. போனும் அடிக்குதில்ல. இந்த அட்டையை வைச்சு போன் எங்க நிக்குதெண்டு கடையில பாக்கலாமாம், ஓமோ?"

பார்க்க ஏலாது என்றேன். அவருடைய கணவரின் இலக்கத்தை என் போனில் அழுத்தினேன். தொடர்புகொள்ள முடியாது என்ற குரலே திரும்பத் திரும்ப வந்தது.

துறைமுகத்துக்குப் போகும் தெருவில் பதினேழு வருடமாகப் போன் விற்கிறேன். சேர்ந்த முதல் நாளே முதலாளி சொன்னார்: "விலையை வாயால சொல்லாத பிள்ளை. கனத்தைக் கையில குடு." முதலில் பிளாஸ்டிக் போனைக் கொடுக்க வேண்டும். அது ஒரு கையில் இருக்கும்போதே, கண்ணாடி முதுகும் உலோக விளிம்பும் உள்ளதை மற்றக் கையில் வைக்க வேண்டும். உள்ளே இரண்டுக்கும் ஒரே சிப், ஒரே பற்றரி என்றாலும், குளிர்ச்சியும் பாரமும் மிச்சத்தைப் பேசிவிடும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பெண்ணின் கணவர் மூன்று கிழமைக்கு முன் வந்தபோது, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் போன் ஒன்றைத் தானே எடுத்தார். நகத்தால் தட்டினார். மூலையைத் திருப்பிப் பார்த்தார்.

"கயிறு போட ஓட்டை இருக்கு. எனக்கு இது போதும்."

எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர் அந்த ஓட்டையில் நைலோன் நூல் கோர்த்துப் போனைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். மீன் வழுவழுப்புப் பட்ட கையில் எதுவும் நிற்காது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொன்னேன்:

"அண்ணை, அது விளையாட்டுச் சாமான் மாதிரி. இதைப் பிடிச்சுப் பாருங்கோ."

கண்ணாடிப் போனை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். "ஓம், நல்ல கனம். இதில கயிறு எங்க கட்டுறது?"

"இந்த மாதிரிப் போனுக்கு ஆரும் கயிறு கட்டுவினமோ? கயிறு மாட்டுக்கெல்லோ கட்டுறது!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கூச்சத்தோடு சிரித்து, பிளாஸ்டிக் போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கண்ணாடிப் போனை வாங்கிப் போனார். கயிறு மாட்டும் கவர் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. கண்ணாடியின் பளபளப்பு மறைந்துவிடும் என்று அதைக்கூட நான் எடுத்துக் காட்டவில்லை.

இப்போது அவர் மனைவி என் முகத்தையே பார்த்தபடி கேட்டார்: "கழுத்தில தானே போட்டிருப்பார், என்ன தங்கச்சி? எப்பவும் அப்பிடித்தானே."

"ஓம் அக்கா," என்றேன்.

அந்த ஓமை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் அதை நம்பிக்கொண்டு கரைக்குத் திரும்பினார். மட்டக்களப்பில் படிக்கும் என் மகளிடமும் நான் தெரிவுசெய்து கொடுத்த அதே கண்ணாடிப் போன்தான். அன்று மாலை அவளுக்கு மூன்று தரம் எடுத்தேன். "ஏனம்மா சும்மா சும்மா எடுக்கிறீங்கள்?" என்று சலித்துக்கொண்டாள்.

மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: போனைக் கொடுக்கமுதல், வாங்குபவரின் கை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தபோது, கணவனும் மனைவியும் வாசலில் நின்றார்கள். கணவருடைய உதடுகள் வெயிலில் வெடித்திருந்தன. மனைவிதான் நடந்ததைச் சொன்னார். எஞ்சின் நின்றுவிட்டது. ஆட்களைக் கூப்பிட இலக்கத்தை அழுத்தும்போது போன் கையிலிருந்து கடலுக்குள் வழுக்கிவிட்டது. நீரோட்டம் படகை வடக்கே இழுத்துப் போக, பொழுதுபட முன் புல்மோட்டைப் படகொன்று கண்டு கட்டி இழுத்து வந்திருக்கிறது.

"அண்ணை, பிழை என்னில தான்," என்றேன். "அக்காவுக்கும் நேற்றுப் பொய் சொல்லிப்போட்டன்."

அண்ணை கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த போன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னது சரி தங்கச்சி. நல்ல கனம். விழுந்தது ஒருக்கா மேல வந்துகூடப் பாக்கேல்ல." பிளாஸ்டிக் போனை விரலால் காட்டினார். "இப்ப அந்த மாட்டை எடுங்கோ. கயிறு நான் கொண்டு வந்தனான்."