பட்டிக்கு அடியில் இருந்த பள்ளம்

"அப்பா போயிட்டாக சார். காப்பி குடிச்சிட்டு இருந்தவுக, அப்படியே சாஞ்சிட்டாக" என்று பெயிண்டர் சூசையின் மகள் போனில் சொன்னாள். அழுகை வரும் முன் எனக்கு நிம்மதி வந்தது. அந்த வெட்கக்கேட்டை, அவருடைய முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்கள் முன் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோவிலூர் சாலைப் பட்டறையில் சூசை ஒரு வண்டியைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மந்தமானால் உள்ளே பள்ளத்தை மறைக்கும் பட்டிப் பூச்சு அப்பியிருக்கிறது என்று அர்த்தம். உங்களில் பலருடைய மானத்தையும் அப்படித் தட்டியே வாங்கியிருப்பார்.

என் அப்பாவின் அம்பாசடரை லேசாகத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கத்தான் கொடுத்தேன். "மேல பூசிட்டுப் போக நான் எதுக்கு சார்? இரும்பு தெரியணும்" என்று பழைய பட்டியை எல்லாம் சுரண்டிவிட்டார். பின் மட்கார்டில் கையகலப் பள்ளம் தெரிந்தது.

"அது எங்க அண்ணன் இடிச்சது" என்றேன்.

"யாருன்னு நான் கேக்கலையே சார்."

அவ்வளவுதான், என் பொய் பிடிபட்டுவிட்டது. பிறகு உண்மையைச் சொன்னேன். கல்லூரி நாட்களில் திருட்டுத்தனமாகக் காரை எடுத்துப்போய், நெற்குப்பை ஊரில் ஒரு கல்தூணில் இடித்தவன் நான். பழி, சாவியை வைத்திருந்த அண்ணன் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா சாகும்வரை அண்ணனிடம் சாவியைக் கொடுக்கவில்லை. அண்ணன் இன்றுவரை எந்த வண்டியையும் ஓட்டியதில்லை.

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வாங்க. பெறகு பிரைமர் அடிக்கிறேன்" என்றார் சூசை.

"நீங்க பெயிண்டரா, பாதிரியாரா?" என்று கத்தினேன்.

"பாதிரியார்கிட்டச் சொன்னா வெளிய வராதுல்ல. அதான் அண்ணன்கிட்டச் சொல்லச் சொல்றேன்."

கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எல்லாம் கழன்று சாக்கில் கிடந்தன. காரை வெளியே எடுக்கவும் முடியாது. சூசை பாதியில் நிறுத்தியதை இந்த ஊரில் வேறு பெயிண்டர் தொடவும் மாட்டார். வசமாக மாட்டிக்கொண்டேன். எட்டு மாதம் அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போய்வந்தேன்.

ஒருநாள் அண்ணனே காரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குனிந்து பள்ளத்தைத் தடவி, "நான் இல்லன்னு எம்புட்டோ சொன்னேன் சூசை. அப்பா கடைசிவரைக்கும் நம்பவே இல்ல" என்றார். சூசை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தேன். அண்ணன் பஸ் ஏறியபிறகு, "இன்னைக்கும் விட்டுட்டீகளே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அவர் மகள், "வேற ஆள வச்சு முடிச்சுத் தாறோம் சார்" என்கிறாள். ஒரே வாரத்தில் பள்ளம் மூடிவிடும். கேட்க ஆளில்லை. நான் தப்பித்துவிடலாம்.

சூசை எனக்கு விட்டுப்போனது அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதை இன்னொரு முறை மூட எனக்குத் துணிவில்லை. என் அண்ணன் அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணே, காரை இடிச்சது நான்தான்.