கரண்டு போனால் ஓடுகிற வேலை

பிள்ளைகளா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடும்போது பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு கம்பெனியில் இருந்தவன்தான். அங்கே ஒருநாள் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. மில்லுகளின் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்துக் கொடுப்போம். முதலாளி, புரோகிராம் எழுதும் அண்ணாச்சி, டைப் அடிக்கும் அக்கா, நான். அவ்வளவுதான் கம்பெனி. கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை. அதற்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் மிஷின் படுத்துவிடும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் வாசலில் எப்போதும் செருப்புகள் குவிந்து கிடக்கும்.

அறையைத் துடைப்பதும் பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டுவதும் என் வேலை. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, கரண்டு போனால் கீழே ஓடி ஜெனரேட்டர் கயிற்றை இழுப்பது. பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் ஓடவில்லை என்றால் அக்கா அடித்து வைத்ததெல்லாம் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் அம்மாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு விசேஷ வீட்டில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வேறு பெண்ணைப் பார்க்கச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என் பெரியம்மா அங்கே போய், “பையனுக்கு ஏசி ரூம்ல உக்காந்த எடத்துல வேலை. வேர்வைன்னா என்னன்னே தெரியாது” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இவன் கயிறு இழுக்கிறவன் என்று தெரிந்தால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று எனக்கு ஒரே பயம்.

ஒருநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், உங்கள் தாத்தாவே கம்பெனிக்கு வந்துவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் பால்கோவாப் பொட்டலம். “மாப்பிள்ளை வேலை பாக்குற எடத்த ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்” என்றார்.

முதலாளி அப்போதுதான் மெட்ராஸ் போய்விட்டு வந்திருந்தார். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்காரர்களை உட்காரவைத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டார்களாம். நாமும் கேட்போம் என்று எங்களை ஏசி அறைக்குள் உட்காரவைத்திருந்தார்.

“நீங்களும் வந்து உக்காருங்க அய்யா. எங்க கம்பெனில ஒளிவுமறைவு கெடையாது” என்று தாத்தாவையும் உள்ளே அழைத்தார். தாத்தா தன் கனத்த தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மொதல்ல பிடிச்சதச் சொல்லுங்க” என்றார் முதலாளி.

“ஏசி” என்றார் அக்கா. “ஏசிதான்” என்றார் அண்ணாச்சி. நானும் அதையே சொன்னேன்.

“ஏசி செஞ்சவனப் பத்தியா கேட்டேன்? எங்கம்பெனியப் பத்திக் கேட்டேன்” என்ற முதலாளி, தன் வீட்டுத் தெலுங்கில் என்னவோ முனகிக்கொண்டார். “சரி, பிடிக்காதது? கொறை சொல்லாம யாரும் டீ குடிக்கப் போவ முடியாது.”

அக்காவுக்கு டீ முக்கியம். “சித்திரை வெயில்ல ஸ்வெட்டரோட பஸ் ஏறுதேன் சார். கொடைக்கானலுக்கா டிக்கெட்டுன்னு கண்டக்டர் கேக்கான்.”

“இங்க வந்து போட்டுக்கிட வேண்டியதுதான?”

“இங்க வச்சிட்டுப் போனா அண்ணாச்சி தலைக்கு வச்சுத் தூங்குதாக.”

அண்ணாச்சி அவசரமாகத் தன் குறைக்குப் போனார். “கம்ப்யூட்டர்ல வேலைன்னு வெளிய சொல்ல முடியல சார். மச்சினன் ஜாதகத்தத் தூக்கிட்டு வாரான். மாமனாரு மிக்ஸியத் தூக்கிட்டு வாராரு. மிக்ஸியக்கூட ஓட்டிக் குடுத்துட்டேன். ஜாதகத்துக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். தாத்தாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஒரு கொறையும் இல்ல மொதலாளி.”

“அப்ப உனக்கு டீ இல்ல.”

“தம்பி, நாள் பூரா இந்தக் குளிருக்குள்ளயேதான் இருப்பீகளா?” என்று கேட்டார் தாத்தா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கரண்டு போய்விட்டது.

“ஏலே, ஓடு” என்றார்கள் மூன்று பேரும்.

பயம், சம்பந்தம் எல்லாம் மறந்துபோனது. வாசலில் காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். கயிறு வழக்கம்போல் முரண்டு பிடித்தது. காலை உதைத்து இன்னொரு இழுப்பு இழுத்ததும் ஜெனரேட்டர் உறுமியது. அதே வேகத்தில் மேலே ஏறினால், மாடி வராந்தாவில் எல்லோரும் நிற்கிறார்கள். தாத்தா வெறுங்காலோடு நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். அவருடைய செருப்பு. என் குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பாதத்துக்கு இடம் இருந்தது.

“தெனமும் இப்படித்தானா?”

“கரண்டு போனா மட்டுந்தாங்க.”

“கரண்டு போவாத நாளு எது?” என்றார் அக்கா.

முடிந்தது என்று நினைத்தேன். தாத்தா முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: “ஏசிக்குள்ளயே உக்காந்திருக்க பையன்னு சொன்னாக. கையி காலு மரத்துப் போயிருக்குமே, பொறவு எம்மகதான தூக்கிச் சொமக்கணும்னு, வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். பட்டாளத்துல ஆள் எடுக்கையில மொதல்ல ஓடவிட்டுப் பாப்பாக. எஞ்செருப்புலயே இம்புட்டு ஓடுதவன், அவஞ்செருப்புல எம்புட்டு ஓடுவான்.”

“ஆனா அய்யா, அந்த ஓட்டந்தான் அவனுக்குப் பிடிக்காது” என்றார் முதலாளி.

“கொறையின்னு வாயத் தெறக்கலைல்லா? எங்க வீட்டுக்கு அதுவும் வேணும்.”

பால்கோவாவைப் பிரித்தார். ஏசி அறைக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் செருப்புக் குவியலைச் சுற்றி நின்று தின்றோம். வந்தவரையும் விடக்கூடாது என்று முதலாளி, “நீங்களும் பிடிச்சது பிடிக்காதது சொல்லுங்க அய்யா” என்றார்.

“பிடிச்சது மாப்பிள்ளை. பிடிக்காதது, எஞ்செருப்ப இன்னும் அவரு கழத்தல.”

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஏசியை அணைத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டினேன். வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு மேல்படியில் நின்றேன். விளக்கெல்லாம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தேன்.