குலுக்கலில் விழுந்த எண்

மலேசியாவின் ஈப்போவில் நான் கார் கழுவக் கொடுக்கும் கடையில் ஒரு பர்மாத் தமிழர் வேலை செய்தார். வெற்றிலைக் கறை படிந்த பற்கள், முழங்கால்வரை மடித்த சிலுவார் கால்சட்டை. மற்ற வேலையாட்கள் கார்க்காரர்களுக்கு எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள். இவர் கொடுக்கவே மாட்டார். முகத்தை நினைவில் வைத்தே கூப்பிடுவார்.

ஏனென்று கேட்டேன்.

"ஊர்ல சண்டைக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டாங்கண்ணே. என் நம்பர் விழுந்துச்சு. ஓடி வந்துட்டேன்."

விபத்தான காரின் எண்ணைக்கூட லாட்டரியில் வாங்கும் ஊர் எங்களுடையது. வாய் முந்திக்கொண்டது. "என்ன நம்பர் தம்பி? நானும் எடுத்துப் பாக்குறேன்லா."

ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தார். "ராணுவம் கூப்பிட்டே அந்த நம்பருக்கு நான் எந்திரிக்கல. நீங்க கேட்டா சொல்லிருவேனா?"

இப்போது அவர் அங்கே இல்லை. யார் வந்து விசாரித்தாலும், அப்படியொரு ஆளைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்வேன்.